எல்லாத்துக்கும் ரைட்டு

நீங்க உள்ள தள்ளி உக்காருங்கக்கா, எனக்கு ஓரமே போதும். கம்பியப் பிடிச்சுக்கிடுதேன். சன்னலோரம் இருந்தா தூங்கிருவேன், தூங்குனா போன் அடிக்கிறது கேக்காது. அதான் பாருங்க, கையிலேயே வச்சிருக்கேன். இந்த வண்டியில பாட்டு வேற காது கிழியப் போடுதான்.

கழுகுமலைக்கா போறீக? மக வீட்டுக்கா? நல்லது, நல்லது. நான் அதுக்கு முன்னாடியே எறங்கிருவேன். அங்கன ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்குல்லா, அதுல பண்டல் கட்டுத வேல. ஆபீஸுன்னதும் மேச நாற்காலின்னு நெனச்சிராதீக. எங்க கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி செய்யுத எடத்துக்கே ஆபீஸுன்னுதான் பேரு. நின்ன காலோட நிக்கணும். ஒரு நாள் வரலைன்னா மறுநாள் நம்ம எடத்துல இன்னொருத்தி நிப்பா.

போன் எதுக்குன்னு கேக்கீகளா? வீட்டுல எங்கப்பாவ ஆள் வச்சுப் பாக்கோம்க்கா. கை கால் இழுத்துக்கிட்டுப் படுக்கையில இருக்காக. கேக்குறவுக எல்லாரும், அப்பாவுக்கு என்னமும் ஆயிருமோன்னுதான் இவ போனப் பிடிச்சுக்கிட்டுத் திரியுதான்னு நெனப்பாக. அந்தப் பயமும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா எனக்கு அதவிடப் பெரிய பயம், பாத்துக்கிடுத அந்தம்மா போனப் போட்டு 'நாளைல இருந்து நான் வரல'ன்னு சொல்லிருமோன்னுதான். போன் அடிச்சாலே அந்தம்மா நம்பரான்னுதான் மொதல்ல பாப்பேன்.

எங்கப்பாவத் தெரியாதவுக எங்க ஊர்ல கம்மி. கண்டக்டர் கோமதிநாயகம்னா பஸ் ஸ்டாண்டுல இன்னைக்கும் டீக்கடைக்காரர் எந்திரிச்சு நிப்பாரு. பிரைவேட் வண்டி. இந்த ரோட்டுலயேதான் காலமெல்லாம் ஓடுனாக. பிரைவேட்டுங்கதால பென்சன், கின்சன் ஒண்ணும் கெடையாது. ஆனா அந்தக் குரல் இருக்கே! 'சங்கரன்கோயில், சங்கரன்கோயில்'னு ஸ்டாண்டுல நின்னு கூப்பிட்டா, வீட்டுல உலைய வச்சிருவேன்னு அம்மா சொல்லும். அவ்வளவு தூரம் கேக்கும்.

போன ஐப்பசியில ஒரு நாள் காலையில பல்லு வெளக்கிட்டு இருந்தவுக, வாளியப் பிடிச்சுக்கிட்டே சரிஞ்சுட்டாக. வலதுகை, வலதுகால், பேச்சு எல்லாம் ஒண்ணாப் போச்சு. பெரியாஸ்பத்திரியில கொண்டு போட்டு, கண்ணத் தொறந்து மொதமொதல்ல சொன்ன வார்த்த என்ன தெரியுமாக்கா? 'ரைட்டு.' அம்மாவும் நானும் சிரிச்சுக்கிட்டே அழுதோம். நர்ஸு ஊசி குத்துனா ரைட்டு. பக்கத்துப் படுக்கைக்காரர் இருமுனா ரைட்டு. வண்டி போகாட்டியும் ரைட்டுங்காரேன்னு வார்டே சிரிச்சுது.

அங்க ஒரு டாக்டரம்மா, சின்னப்பிள்ளதான், என்னயத் தனியாக் கூப்பிட்டுச்சு. 'பேச்சு இருக்கிற எடம் அடிபட்டுப் போச்சு, சில பேருக்கு ஒரே ஒரு வார்த்த மட்டும் தங்கிரும். அவர் ரைட்டுன்னு சொன்னா சரின்னு சொல்றதா நெனச்சுக்காதீங்க. வேண்டாம்னு சொல்ல நெனச்சாலும் அதுதான் வரும்'னு சொல்லுச்சு. நானும் மண்டைய ஆட்டிக்கிட்டேன். ஆனா வீட்டுல வச்சுப் பாத்தா அப்படி ஒண்ணும் தெரியலக்கா. சாப்பிடுதீகளாப்பா? ரைட்டு. படுக்கீகளாப்பா? ரைட்டு. முன்ன நான் எதச் சொன்னாலும் குறுக்க விழுந்து மறிப்பாக. என் கல்யாணத்துக்கே ஒத்துக்கிடலைன்னா பாத்துக்கோங்க. எங்க வீட்டுக்காரர் தவறி, பிள்ளகுட்டி இல்லாம நான் திரும்பி வந்து நிக்கயிலயும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. இப்பத்தான் நானும் அவுகளும் ஒத்துமையா இருக்கோம்.

எந்தம்பி ஓசூர்ல இருந்து வந்தான். அவனும் என்ன செய்வான், அவன் பாடே அங்க பெரும்பாடா இருக்கு. 'அப்பா, அந்த ரெண்டு செண்டு எடத்த வித்தாத்தான் வைத்தியம் பாக்க முடியும், விக்கவாப்பா'ன்னு கேட்டான். ரைட்டுன்னாக. சொல்லிட்டு, அந்த நல்ல கையால, இடதுகையால, கட்டில் கம்பியில டங்குன்னு ஒரு தட்டு. முடிவு பண்ணிட்டாகன்னு தம்பி கண்ணக் கசக்குனான். வித்துட்டோம். அந்த எடத்த உசுரா வச்சிருந்தவுகக்கா. முன்னன்னா விக்கணும்னு வாயத் தொறந்தா வெட்டிப் போட்டிருப்பாக. சீக்கு மனுசன மாத்தித்தான் போடுது.

ஆள் தேடுனேன் பாருங்க, அந்தப் பாடு யாருக்கும் வேண்டாம். கம்பெனியில ஆள் அனுப்புதாக, அவுக கேக்குற காசு என் சம்பளத்தவிடக் கூட. அம்மாவுக்குச் சர்க்கரையில கண்ணு மங்கிப் போச்சு, அது தடவித் தடவி அடுப்பு வரைக்கும்தான் போகும். நான் வேலைக்குப் போகலைன்னா மாத்திரை இல்ல, மாத்திரை இல்லைன்னா மறுபடியும் இழுத்துரும்னு சொல்லிட்டாக. கடைசியில பக்கத்துத் தெரு டெய்லர் சொல்லித்தான் தங்கபுஷ்பம்னு ஒரு அம்மா கெடச்சுது. நல்ல வாட்டசாட்டமான ஆளு. அப்பாவ ஒத்தையாப் பெரட்டிப் போட்டுரும். வந்த அன்னைக்கே சொல்லிருச்சு, 'மதுரையில கூடக் குடுக்கேன்னு கூப்பிடுதாக, உங்க மூஞ்சிக்காகத்தான் வாரேன்'னு. அன்னைல இருந்து எனக்கு அந்த மதுரைன்னாலே ஆகாது.

நான் அந்தம்மாவத் தாங்குத தாங்கு இருக்கே, மாமியாளக்கூட அப்படித் தாங்கல. கடலமிட்டாய் வாங்கிக் குடுப்பேன், பூ வாங்கிக் குடுப்பேன். காலையில அந்தம்மா சேலையில மடிப்பு கலைஞ்சிருந்தாக்கூட, என்னமோ கோவத்துல வந்திருக்கோன்னு மொத டம்ளர் காப்பிய அதுக்குத்தான் நீட்டுவேன். யார்ட்டயாவது போன்ல பேசுனா, நான் அடுப்படியில நின்னுக்கிட்டு மதுரைன்னு வருதா, மதுரைன்னு வருதான்னு காதத் தீட்டிக்கிட்டு இருப்பேன்.

கைகாரி, அதச் சொல்லணும். இந்த டயப்பரு இருக்குல்லா, அது விக்கிற வெலைக்கு நம்மளால முடியுமா? சொல்லிட்டேன். 'புஷ்பம்மா, பகலுக்கு ரெண்டுதான், அதுக்கு மேல முடியாது, நான் சாயங்காலம் வந்து பாப்பேன்'னு கறாராச் சொல்லிட்டேன். அது ஒண்ணுலதான் நான் கறாரு. 'நீங்க கவலப்படாதீக, நான் பாத்துக்கிடுதேன்'னுச்சு. நம்புவீகளா, கொஞ்ச நாள்ல ரெண்டு வேண்டாம், ஒண்ணே போதும்னு ஆக்கிருச்சு! சில நாளு அந்த ஒண்ணும் நனையாமக் காஞ்சு கெடக்கு. எப்படிம்மான்னு கேட்டேன். 'கைப்பக்குவம்'னு சொல்லிச் சிரிச்சுது. நான் தெருவெல்லாம் சொல்லிப் பெருமப்பட்டேன்.

எங்கம்மாவுக்கு மட்டும் அந்தம்மாவக் கண்டா ஆகல. 'ஏட்டி வடிவு, உங்கப்பா நாக்கு காஞ்சு கெடக்கு. மூஞ்சி தொடைக்கிற ஈரத்துணியப் பிடிச்சு சப்புதாருட்டி'ங்கும். 'ஒனக்குத்தான் கண்ணு தெரியலையே, என்னத்தக் கண்ட'ன்னு சத்தம் போட்டேன். 'வெரல வச்சுப் பாத்தேன், ஒதடெல்லாம் வெடிப்பு'ன்னுச்சு. பனிக்கு வெடிக்காதா ஒதடு? நான் வெண்ண வாங்கித் தடவுனேன். அப்பா போற ஒண்ணுக்கும் ஒரு மாதிரி மஞ்சளா, நாத்தமா இருக்கும். மாத்திரைச் சூடுன்னு புஷ்பம்மா சொல்லுச்சு. இருக்கும்லாக்கா, எம்புட்டு மாத்திரை!

அம்மா வாய அடைக்கணும்னே ஒரு நாளு அப்பாட்ட நேராக் கேட்டேன். புஷ்பம்மாவும் பக்கத்துலதான் நிக்குது. 'புஷ்பம்மா நல்லாப் பாத்துக்கிடுதாகளாப்பா?' ரைட்டுன்னாக. 'நேரத்துக்கு எல்லாம் குடுக்காகளா?' ரைட்டு. கண்ணுல தண்ணி நிக்குது. நன்றின்னு நெனச்சேன். 'கேட்டியாம்மா'ன்னு அம்மாவப் பாத்துச் சொன்னேன். அம்மா சுவத்தத் தடவிக்கிட்டே அடுப்படிக்குப் போயிருச்சு.

ஒரே ஒரு தொந்தரவுதான், அந்தத் தட்டு. பழகிப் போச்சு அவுகளுக்கு. புஷ்பம்மா பக்கத்துல வந்தா டங்குன்னு ஒரு தட்டு. சோத்தத் தூக்கிட்டுப் போனா ஒரு தட்டு. காலையில நான் வாசல்ல செருப்பு மாட்டுவேன்ல, அப்பவும் ஒரு தட்டு. எனக்கு டாட்டா காட்டுதாகன்னு அம்மாட்ட சொல்லிச் சிரிப்பேன். பேச்சுத்தான் போச்சு, பாசம் போகல பாரும்மான்னு சொல்லுவேன். அதும் வர வர ஓங்கித் தட்டுதாக. வெரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு, பாக்க முடியல. புஷ்பம்மாதான் நேத்து, பழைய வேட்டியக் கிழிச்சு, மெத்துமெத்துன்னு கையச் சுத்தி, கட்டிலோட சேத்துக் கட்டி வச்சிருச்சு. புண்ணு ஆறட்டும்னுச்சு. நல்லதுக்குத்தான்னு நானும் விட்டுட்டேன். இன்னைக்குக் காலையில செருப்பு மாட்டும்போது சத்தமே இல்ல. நின்னு பாத்தேன். கண்ணால மட்டும் என்னயப் பாத்துக்கிட்டே இருந்தாக. போயிட்டு வாரேன்ப்பான்னேன். ரைட்டுன்னாக. இன்னைக்குத்தான் நிம்மதியாக் கெளம்பி வாரேன்.

யம்மா! பயந்துட்டீகளாக்கா? ஒண்ணுமில்ல, ஸ்டாப்பு வருது, கண்டக்டர் தகரத்துல தட்டுதாரு. விசிலு ஊத வாய் சும்மா இருந்தாத்தான, போன்ல பேசிக்கிட்டு வாராரு. எங்கப்பாவும் விசில் வச்சுக்கிட மாட்டாக, எச்சியாம். எல்லாம் கையிதான். எங்களுக்குச் சின்னப்பிள்ளைல வெளாட்டே அதுதான். நான் டிரைவர், தம்பி பாசஞ்சரு, அப்பா கதவத் தட்டுவாக. ரெண்டு தட்டுன்னா போலாம். ஒரு தட்டுன்னா நில்லு.

ஒரு தட்டுன்னா…

இருங்கக்கா. இல்ல, ஒண்ணுமில்ல. கொஞ்சம் இருங்க.

ஒண்ணுதான் தட்டுவாக. காலையில நான் செருப்பு மாட்டும்போது ஒண்ணுதான். என்னைக்கும் ஒண்ணுதான்க்கா. போயிட்டு வான்னா ரெண்டுல்லா தட்டணும்? காலமெல்லாம் தட்டுன கையி, அதுக்குக் கணக்கு மறக்குமா? எடத்த விக்கவான்னு கேட்டதுக்கும் ஒண்ணு. புஷ்பம்மா பக்கத்துல வந்தா ஒண்ணு. வாயில ரைட்டு வந்துருது, கை நில்லுங்குது. நில்லு, நில்லுன்னு இத்தன நாளா என்னயப் பாத்துச் சொல்லியிருக்காகளே. நான் டாட்டான்னு சிரிச்சிட்டுப் போயிருக்கேனே. கண்டக்டர் மகதான நானு!

இல்ல, இல்ல. நானாப் போட்டுக் குழப்பிக்கிடுதேன். அப்படி இருக்காது. இருங்க, போனப் போடுதேன்.

புஷ்பம்மா? நாந்தான் வடிவு. ஒண்ணுமில்லம்மா, சும்மாதான். அப்பா என்ன பண்ணுதாக? சரி. சரி. தண்ணி குடுத்தீகளாம்மா? இல்ல, காலையில இருந்து குடிச்சாகளான்னு கேட்டேன். … எப்ப குடுத்தீக? … சாயங்காலமா? … ஏம்மா அப்படி… இல்லம்மா, இல்லம்மா, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. சந்தேகமெல்லாம் இல்லம்மா. கோவிச்சுக்காதீக. மதுரைக்கெல்லாம் போக வேண்டாம்மா, நான் சும்மா கேட்டேன். வரும்போது பூ வாங்கிட்டு வாரேன். அப்பா காதுல கொஞ்சம் போன வைங்கம்மா. கொஞ்ச நேரம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

அப்பா. நாந்தாம்ப்பா.

அப்பா?

வச்சிருச்சு.

ரைட்டுன்னாகக்கா. ரைட்டு, ரைட்டு, ரைட்டுன்னு நிறுத்தவே இல்ல. மூச்சு விடாமச் சொல்லுதாக. நாக்கு அண்ணத்துல ஒட்டி ஒட்டிப் பிரியுத சத்தம் கேக்குது. இப்பத்தான் எனக்குக் கேக்குது. பொழுதெல்லாம் தண்ணியே இல்லையாம், அவளே சொல்லுதா. மாத்திரைக்கு ஒரு மடக்காம், சாயங்காலம் நான் வரும்போது ஒரு மடக்காம். குடிச்சா நனைச்சிருவாராம். 'நீங்கதான ரெண்டுதான்னீக, வந்து எண்ணிப் பாப்பேன்னீக, அப்ப நான் எப்படிச் சமாளிக்க'ன்னு என்னயவே கேக்கா. தண்ணி குடுக்காதன்னா நான் சொன்னேன்? டயப்பரத்தானக்கா சொன்னேன்? ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ஏன்க்கா அப்படிப் பாக்கீக?

எங்கம்மா சொல்லுச்சு. வெரல வச்சுப் பாத்துச் சொல்லுச்சு. கண்ணு தெரியாதவதான்னு வாய அடச்சேன்.

அதுகூடப் பரவாயில்ல. இப்ப நீங்க கேட்டீகள்ல, நான் போன்ல பேசுனத? எங்கப்பாவக் கட்டிப் போட்டு நாக்கக் காயப் போட்டவகிட்ட, கோவிச்சுக்காதீக, பூ வாங்கிட்டு வாரேன்னு சொல்லுதேன். கட்டுன கைய அவுத்து விடுன்னு கேக்க வாய் வரல எனக்கு. கேட்டா இப்பவே எந்திரிச்சுப் போயிருவாளேன்னு பயம். போயிட்டா நாளைக்கு யாரு? சொல்லுங்க, நாளைக்கு யாரு வருவா? நான் வீட்டுல இருந்தா அந்த வேல போச்சு. மாத்திரை போச்சு. அம்மாவுக்குக் கஞ்சி போச்சு. தம்பிகிட்ட என்ன சொல்லுவேன்?

தண்ணி வேண்டாம்க்கா, நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு எறங்காது.

சாயங்காலம் வரைக்கும் பொறுக்கலாம்லா? ஒரு நேரந்தான? சாயங்காலம் போயி பக்குவமாச் சொல்லிப் பாக்கலாம். கூட ஒண்ணு வாங்கி வைக்கேன், தண்ணி குடும்மான்னு கெஞ்சிக் கேக்கலாம். இத்தன நாளு பொறுத்தவுக ஒரு நேரம் பொறுக்க மாட்டாகளா? போன அப்பா காதுல இருந்து எடுத்ததும் அவ என்ன பண்ணுதாளோ. மககிட்டக் கோள் சொல்லுதியான்னு கேட்டிருந்தா? அவுகளால என்ன சொல்ல முடியும்? ரைட்டும்பாக. என்ன செய்யவான்னு கேட்டாலும் ரைட்டும்பாக. கையும் கட்டியிருக்கு. நில்லுன்னு சொல்ல அவுககிட்ட இருந்தது அந்தக் கை ஒண்ணுதான். அதையும் கட்டிக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். நிம்மதியா வாரேன்னு சொன்னேன்ல உங்ககிட்ட?

நான் எறங்குதேன்க்கா. இல்ல, ஆபீஸ் இன்னும் வரல. இங்கயே எறங்குதேன். எதுத்தாப்புல ஏதாவது வண்டி வரும், டெம்போ வரும், இல்லாட்டி நடக்கேன். என் தூக்குச்சட்டிய எடுத்துக் குடுங்க. வேல என்னமும் ஆகட்டும்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல, பொய் சொல்லுவானேன். பயந்து போய்த்தான் இருக்கேன். அவ இருந்தாலும் பயம், போனாலும் பயம். ஆனா இருக்க முடியலக்கா.

அண்ணே! கண்டக்டரண்ணே! எறங்கணும்ணே! … என்னங்கான்? ஸ்டாப்பு இல்லையாமா? டைமிங்காமா? அண்ணே, அவசரம்ணே, வீட்டுல ஆளு… போனக் காதுல இருந்து எடுக்க மாட்டேங்கானே. டிரைவரண்ணே! இந்தப் பாட்டுல ஒரு எழவும் கேக்காது. யாராவது சொல்லுங்களேன் முன்னால!

தட்டுதேன்ல. இந்தா, தகரத்துல தட்டுதேன்ல, கேக்கலையா யாருக்கும்? நிக்க மாட்டேங்குதேக்கா. ஏன் நிக்க மாட்டேங்குது? நீங்களும் தட்டுங்கக்கா. உங்க பக்கம், அந்தக் கம்பிக்குக் கீழ, ஓங்கித் தட்டுங்க. ஒரு தட்டுதான்க்கா. ரெண்டு தட்டிராதீக, போகச் சொல்லுதோம்னு நெனச்சுக்கிடுவாக.